எந்த வரியில் இருக்கிறது?

எனக்கு ஒரு எதிரி உண்டு. அதன் பெயர் ஊகக் கேள்வி.

சட்டப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு அது என்னவென்று தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்னப் பத்தி கொடுப்பார்கள். கீழே நான்கு விடைகள் இருக்கும். மேலே உள்ளதை மட்டும் வைத்து உறுதியாகச் சொல்லக்கூடியது எது என்று கேட்பார்கள். எல்லாம் இங்கிலீஷில்தான். இங்கிலீஷோடு எனக்குத் தகராறு இல்லை. அந்த ‘மட்டும்’ என்கிற சொல்லோடுதான் தகராறு. மற்றப் பகுதிகளை மளமளவென்று போட்டுத் தள்ளிவிட்டு, இந்தப் பகுதிக்கு வந்ததும் மண்ணைக் கவ்வுவேன்.

ஒரு கேள்வி இப்படி இருந்தது. ஓர் ஊரில் ஒரே ஒரு பல் டாக்டர். அவருடைய ஆஸ்பத்திரி ஒரு வாரமாகப் பூட்டிக் கிடக்கிறது. உறுதியாகச் சொல்லக்கூடியது எது? எங்கள் பனவடலிசத்திரத்தில் பிறந்து வளர்ந்த எவளும் இதற்கு ஒரு நொடிகூட யோசிக்க மாட்டாள். டாக்டர் யாரையோ கூட்டிக்கொண்டு ஓடிவிட்டார். அப்படி ஒரு விடை இல்லாததால், ‘டாக்டர் ஊரைவிட்டுப் போய்விட்டார்’ என்பதைத் தேர்ந்தெடுத்தேன். சரியான விடை என்ன தெரியுமா? ‘அந்த வாரம் அந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் பல் பிடுங்கப்படவில்லை.’ இதெல்லாம் ஒரு விடையா? இதைச் சொல்வதற்கு ஒரு வக்கீல் வேண்டுமா?

எங்கள் ஊரில் ஒருத்தி வழக்கத்தைவிட ஒரு முழம் பூ கூடுதலாக வாங்கினால் போதும். பொழுது சாய்வதற்குள் அவள் வீட்டுக்கு யார் வருகிறார்கள், எந்த ஊர், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பது வரை தெருவுக்குத் தெரிந்துவிடும். பாதி நேரம் அது சரியாகவும் இருந்து தொலைக்கும். அப்படி வளர்ந்தவளைப் பிடித்து உட்காரவைத்து, கண்ணால் காணாததைச் சொல்லாதே என்றால் எப்படி?

டிகிரி முடித்துவிட்டேன். மூன்று வருடச் சட்டப் படிப்புக்கான தேர்வு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதுரையில் நடக்கப்போகிறது. எதிரியோ அப்படியே நிற்கிறான். இந்த நிலைமையில்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் அண்ணனுக்குப் பெண் பார்க்க சங்கரன்கோவிலுக்குக் கிளம்பினோம்.

அண்ணன் பெயர் மகாராஜா. பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமே இல்லை. சொந்தமாகக் குட்டி யானை சரக்கு வண்டி வைத்து, சுற்றுவட்டாரத்து மல்லிகையையும் பிச்சியையும் சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்து போடுகிறான். வாயைத் திறந்து பேசவே காசு கேட்பான். ‘வண்டி ஓட்டுதவனா?’ என்று ஏற்கெனவே பல வீடுகளில் கைவிரித்துவிட்டார்கள். அம்மா ஆறுமுகத்தாய்க்கு அந்தக் கவலையிலேயே பாதி உடம்பு இளைத்துவிட்டது. அப்பாவுக்கு முழங்கால் வலி, வரவில்லை. அதனால் எங்கள் படைக்குத் தலைவர் அம்மாவின் தம்பி பாண்டிராஜ் மாமா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, சபை என்று ஒன்று கூடிவிட்டால் அதில் நடுநாயகமாக உட்காரவேண்டும் என்கிற ஆசை. அவ்வளவுதான் மாமா.

காரில் போகும்போது கைப்பையிலிருந்து நீல அட்டை போட்ட கேள்விப் புத்தகத்தை எடுத்தேன்.

“ஏட்டி இசக்கிச்செல்வி, இன்னைக்குமா?” என்றாள் அம்மா.

“நீங்க பொண்ணைப் பாருங்க. நான் கேள்வியைப் பாக்கேன்.”

பெண் வீடு தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. பெண்ணின் அப்பா சங்கரசுப்பு, மோட்டார் பம்பு செட்டு கடை வைத்திருக்கிறார். எங்களை வாசலிலேயே கைகூப்பி வரவேற்றார். கூடத்தில் இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் உட்கார்ந்ததும் மாமா தொண்டையைச் செருமினார்.

“முதல்லயே ஒண்ணு சொல்லிருதேன். எங்க குடும்பத்துல பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேக்காம எதையும் முடிக்கிறதில்ல, பாத்துக்கிடுங்க.”

எல்லாரும் “அதான முறை” என்று தலையாட்டினார்கள். எனக்கு அது புதுச் செய்தி. எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் கேட்டதாக நான் கண்டதில்லை. ஆனாலும் சொல்வதற்கு நன்றாக இருந்தது.

இன்னொரு முறையும் உண்டு. அதை எல்லாரும் அறிவார்கள், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பெண் பார்க்கப் போன வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், காப்பி குடிக்கலாம், மிக்சர் கொறிக்கலாம். சோற்றில் கை வைக்கக் கூடாது. பேச்சு முடிந்து இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டால் அந்த வீட்டில் கை நனைத்துவிட்டுக் கிளம்புவோம். ஒத்துவரவில்லை என்றால் எவ்வளவு பசித்தாலும் சாப்பிடாமல் எழுந்துவிட வேண்டும். பெண் வீட்டார் எப்போதும் நம்பிக்கையோடு சமைத்துத்தான் வைத்திருப்பார்கள். அன்றைக்கும் சாம்பார் வாசனை கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. நான் காலையில் ஒரு காப்பியோடு கிளம்பியிருந்தேன்.

பெண் வந்தாள். சங்கரேஸ்வரி. நல்ல உயரம், மூக்கு நுனியில் கொஞ்சம் கோபம். காப்பித் தட்டை நீட்டினாள். அண்ணன் நிமிராமலேயே எடுத்ததில் பாதி காப்பி தட்டில் கொட்டியது. பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பெரியவர்கள் ஜாதகத்தை விரித்தார்கள்.

“நீ உள்ள போய்ப் பொண்ணுகிட்டப் பேசிட்டு வா” என்று அம்மா என் இடுப்பில் இடித்தாள். மாப்பிள்ளையின் தங்கச்சி என்றால் இது ஒரு உத்தியோகம். பெண்ணுக்குத் திக்குவாயா, காது கேட்கிறதா, குணம் எப்படி என்று பார்த்து வந்து சொல்ல வேண்டும்.

போனேன். சங்கரேஸ்வரி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எதையோ தலையணைக்கு அடியில் தள்ளினாள். நான்தான் எதையும் விடாதவள் ஆயிற்றே. தலையணைக்கு வெளியே ஒரு நீல முனை தெரிந்தது. அந்த நீலத்தை நான் எங்கே கண்டாலும் கண்டுபிடித்துவிடுவேன். ஒன்றும் பேசாமல் என் கைப்பையைத் திறந்து அதே புத்தகத்தை எடுத்துக் காட்டினேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். “நீங்களுமா?”

“நீங்களுமா?” என்றேன் நானும். இந்தப் பரீட்சையின் பெயரைச் சொன்னால் ‘பேங்க் வேலைக்கா?’ என்று கேட்கிற ஊர்களில் இருந்துகொண்டு, அதே புத்தகத்தை அதே மடிப்புகளோடு வைத்திருக்கிற இன்னொருத்தி! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அண்ணனுக்குப் பெண் பார்க்க வந்ததே மறந்துபோனது.

“ஊகக் கேள்வி எப்படி?” என்று கேட்டேன்.

“அதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.”

“பொய் சொல்லாதீங்க.”

“சத்தியமா. மத்ததுல எல்லாம் கொஞ்சம் தட்டும். அதுல தப்பே வராது.”

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கடவுளே நேரில் வந்ததுபோல் இருந்தது. அப்போது அவள் முகம் வாடியது.

“ஆனா நான் எழுதுவேனான்னு தெரியல. அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள வரன் அமைஞ்சிட்டா பரீட்சைக்குப் போகவேண்டாம்னு அப்பா சொல்லிட்டாரு. அமையலைன்னா போகலாமாம். எங்க அண்ணன் படிக்கன்னு சென்னைக்குப் போனான். அங்கனயே இருந்துட்டான், பொங்கலுக்குக்கூட வாரதில்ல. நானும் போனா வரமாட்டேன்னு அப்பா நினைக்காரு.”

“அப்ப எங்க அண்ணன்...”

“உங்க அண்ணன் மேல ஒரு குத்தமும் இல்ல. காப்பியக் கொட்டினாரே, பாவமா இருந்துச்சு. ஆனா இன்னைக்கு முடிவாச்சுன்னா என் பரீட்சை போச்சு.”

என்ன சொல்வது? கூடத்தில் அம்மா எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இங்கே இவள். நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். புத்தகத்தைத் திறந்தேன். “இருக்கிற நேரத்துல ரெண்டு கேள்வி சொல்லிக்குடுங்க.”

முதல் கேள்வி. பரிசு வாங்கியவர்கள் எல்லாரும் பாட்டுப் பாடியவர்கள். கமலா பாட்டுப் பாடினாள்.

“கமலா பரிசு வாங்கினா” என்றேன்.

“எந்த வரியில இருக்கு?”

“பாடினாள்லா?”

“பாடினா. வாங்கினான்னு எந்த வரியில இருக்கு? விரலை வச்சுக் காட்டுங்க.”

விரலை வைத்துத் தேடினேன். வாங்கியவர்கள் பாடினார்கள் என்று இருந்தது. பாடியவர்கள் வாங்கினார்கள் என்று எங்கேயும் இல்லை. நான் படித்த பள்ளிக்கூடத்தில் மேடையேறிப் பாடிய எல்லாருக்கும் ஒரு சோப்பு டப்பாவாவது கொடுப்பார்கள். அதை நானாகக் கொண்டுவந்து கமலாவின் கையில் கொடுத்திருக்கிறேன்.

“நம்ம ஊரை வாசல்லயே விட்டுட்டு வாங்க. பத்திக்குள்ள அதுக்கு இடமில்ல. அவ்வளவுதான் விஷயம்” என்றாள்.

அடுத்தது. தினமும் காலையில் நடப்பவர்களுக்கு இதயநோய் குறைவு என்று ஓர் ஆய்வு சொல்கிறது. ‘நடந்தால் இதயநோய் வராது’ என்ற விடைக்கு நேரே என் விரல் போனது. பாதி வழியில் நின்றது. எந்த வரியில் இருக்கிறது? இல்லை! ஏற்கெனவே உடம்பு நன்றாக இருப்பவர்கள்தான் நடக்கப் போகிறார்களோ என்னவோ! விரலை எடுத்து, உப்புச்சப்பில்லாத இன்னொரு விடைமேல் வைத்தேன். சங்கரேஸ்வரி என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

“அதேதான் ட்டி!”

அந்த ‘ட்டி’யில் வாங்க போங்க எல்லாம் பறந்துவிட்டது. அடுத்த கேள்வி சரி. அதற்கு அடுத்ததும் சரி. நான் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இத்தனை மாதமாக என்னைக் குப்புறத் தள்ளிய கேள்விகள் ஒவ்வொன்றாகக் கையைத் தூக்கிச் சரணடைந்தன. உப்புச்சப்பில்லாத விடைகள் எவ்வளவு அழகாக இருக்கின்றன! அவை எதையும் கூட்டிச் சொல்வதில்லை, யாரையும் ஓடவைப்பதில்லை.

நடுவில் அவள் அம்மா வந்து, “காலையில இருந்து ஒண்ணும் திங்கலியே, ரெண்டு வாய் தின்னு” என்று மகளுக்கு ஒரு தட்டில் சாம்பார் சோறும் உருளைக்கிழங்கும் வைத்துவிட்டுப் போனார். சங்கரேஸ்வரி அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டு எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அப்போதுதான் அந்த விளக்குக் கேள்வி வந்தது.

விளக்கு எரிந்தால் காவலாளி உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். இப்போது விளக்கு எரியவில்லை.

“காவலாளி இல்ல” என்றேன்.

“எந்த வரி?”

“எரிஞ்சா இருக்காரு. எரியல, அப்ப இல்ல. இதுல என்னட்டி இருக்கு?”

“பல்பு பீஸ் போயிருந்தா?”

“வேற மாட்டுவாரு.”

“கரண்டு போயிருந்தா? இருட்டுலயே உக்காந்திருந்தா?”

“இருட்டுல உக்காந்து என்ன செய்வாரு?”

“தூங்குவாரு! காவலாளிதான!”

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே யோசித்தேன். யோசிக்கும்போது எதையாவது மெல்ல வேண்டும், எனக்கு அது சின்ன வயதிலிருந்தே பழக்கம். விளக்கு எரியாவிட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. சரி. அப்படியானால் எதை வைத்து எதைச் சொல்ல முடியும்? காவலாளி உள்ளே இல்லை என்று முதலிலேயே தெரிந்துவிட்டால்? இல்லாவிட்டால்... எரிய முடியாது. எரிந்தால்தான் அவர் இருந்தாக வேண்டுமே!

“ஏட்டி! ஆளு இல்லைன்னா விளக்கு எரியாது! அதை மட்டும் அடிச்சுச் சொல்லலாம்! பின்னால இருந்து வரணும்!”

“பின்னால இருந்து வரணும்!” என்று அவளும் கத்தினாள்.

என் வாயில் சோறு இருந்தது. கையில் உருட்டிய அடுத்த கவளம் இருந்தது. தட்டில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. அறை வாசலில் அவள் அம்மா நின்றுகொண்டிருந்தார்.

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. நான் “அத்தை, அது...” என்று தொடங்குவதற்குள் திரும்பிக் கூடத்துக்கு ஓடிவிட்டார். “மாப்பிள்ளையோட தங்கச்சி கை நனைச்சிட்டா! பொண்ணு தட்டுலயே சாப்பிட்டுட்டா!”

கூடத்தில் குலவைச் சத்தம் எழுந்தது.

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சங்கரேஸ்வரியின் முகத்தில் ரத்தமே இல்லை. “என் பரீட்சை” என்றாள் மெதுவாக. உட்கார்ந்திருந்தால் ஆகாது என்று எச்சில் கையோடு எழுந்து ஓடினேன்.

கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். பாண்டிராஜ் மாமா வெற்றிலைத் தட்டுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்காமல் மாமா பக்கம் திரும்பினேன்.

“மாமா, தட்டைக் கீழ வைங்க. நான் பசியில சாப்பிட்டேன். வேற ஒண்ணும் கிடையாது.”

“கைய நனைச்சாச்சுன்னா முடிஞ்சுதுட்டி” என்றார் மாமா சிரித்தபடி.

“முடிஞ்சா சாப்பிடுவாகன்னுதான வழக்கம். சாப்பிட்டா முடிஞ்சுதுன்னு எந்த வரியில இருக்கு? பரிசு வாங்கினவுக எல்லாரும் பாடினாகன்னா, பாடினவுக எல்லாரும் பரிசு வாங்கினாகன்னு ஆயிருமா?”

“யாரு பாடினா?” என்று யாரோ கேட்டார்கள்.

மாமா கையை உயர்த்திச் சபையை அடக்கினார். “நான் சொல்லுததைக் கேளு. பேச்சு முடியலைன்னா ஒருத்தரும் சோத்துல கை வைக்கமாட்டாக. நீ வச்சிருக்கெ. அப்ப முடிஞ்சுதா இல்லையா?”

மாமா பின்னால் இருந்து வந்துவிட்டார்! ஆள் இல்லாவிட்டால் விளக்கு எரியாது, விளக்கு எரிகிறது, அப்படியானால் ஆள் இருக்கிறார். மாமா சொன்னதில் ஓட்டையே இல்லை. இத்தனை மாதம் நான் முட்டிக்கொண்டதை மாமா வெற்றிலைக் காம்பைக் கிள்ளுவதுபோலச் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

“மாமா சொல்லுதது சரிதான்.”

சங்கரேஸ்வரி. எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். அவள் அம்மா மறுபடி குலவை போட வாயைத் திறந்தார்.

“முடியலைன்னா ஒருத்தரும் சாப்பிடமாட்டாக. அது ஒண்ணு. வந்ததும் இன்னொண்ணும் சொன்னீகல்லா மாமா? பொண்ணுகிட்டக் கேக்காம உங்க குடும்பத்துல எதையும் முடிக்கிறதில்லைன்னு?”

“ஆமா, சொன்னேன். இப்பவும் சொல்லுதேன்.”

“என்னை யாராவது கேட்டீகளா?”

சங்கரேஸ்வரி கூடத்தில் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

“கேக்கல. கேக்காம முடிக்கமாட்டீக. அப்ப இன்னும் முடியல. முடியாமலே இவ சாப்பிட்டிருக்கா. ரெண்டும் நீங்க சொன்னதுதான் மாமா, ரெண்டும் சேந்து நிக்காது. ஏதோ ஒண்ணு தப்பு. முடியலைன்னா சாப்பிடமாட்டாகன்னது தப்பா, பொண்ணைக் கேக்காம முடிக்கமாட்டோம்னது தப்பா? எதுன்னு நீங்களே சொல்லுங்க.”

ஐயோ, அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்தது! விசிலடிக்கத் தெரிந்திருந்தால் அடித்திருப்பேன். மாமா வெற்றிலைத் தட்டைப் பார்த்தார். சபையைப் பார்த்தார். இத்தனை பேர் முன்னால் மார்தட்டிச் சொன்ன பெருமையை மாமா விட்டுக்கொடுப்பாரா? செத்தாலும் மாட்டார்.

“பொண்ணைக் கேக்கிறது கேக்கிறதுதான்” என்றார் கடைசியில். “பிள்ளை ஏதோ பசியில சாப்பிட்டுட்டா. அதைப் பெருசு பண்ணவேண்டாம்.” உடனே கண்ணைச் சிமிட்டினார். “சரி, இப்பக் கேக்கேன். உனக்குச் சம்மதமா?”

“அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்குப் பரீட்சை மாமா. சட்டம் படிக்கிறதுக்கு. அது முடியிற வரைக்கும் ஆமான்னும் சொல்லமாட்டேன், இல்லைன்னும் சொல்லமாட்டேன்.”

“அப்ப எங்க பையன் வேண்டாங்கியா?”

“அப்படி அவ சொல்லலியே!” என்று நான் கத்தினேன்.

அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அதுவரை சுவரோரம் இருந்த அண்ணன் எழுந்தான். அவன் நிற்பதைப் பார்த்ததும் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். இந்தக் கூடத்தில் அவன் குரலை இன்னும் யாரும் கேட்டிருக்கவில்லை.

“பரீட்சை எழுதணும்னு ஆசையா?” என்று அவளைப் பார்த்துக் கேட்டான். முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

“ஆமா.”

“அப்ப எழுதுங்க.” அவள் அம்மாவின் பக்கம் திரும்பினான். “அத்தை, எனக்கும் ஒரு தட்டு போடுங்க. மார்க்கெட்டுல பூவை இறக்கிட்டு நேரா கிளம்பி வந்தவன், சாம்பார் வாசனை ஆளைக் கொல்லுது. ஆனா ஒண்ணு, யாரும் குலவை போடக்கூடாது. பசிக்கு மட்டும்தான் சாப்பிடுதேன்.”

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டான். என் அண்ணன்! பேசவே காசு கேட்பவன்! எனக்கு அவன்மேல் அன்றைக்கு வந்த பாசம் அதற்கு முன்னால் வந்ததே இல்லை. அத்தை என்ன செய்வதென்று தெரியாமல் தட்டு எடுத்துவரப் போனார். முடிவாகாத வீட்டில் மாப்பிள்ளையே சாப்பிடுகிறான் என்றால் மற்றவர்கள் பட்டினி கிடப்பானேன்? ஒருவர் பின் ஒருவராக உட்கார்ந்தார்கள். மாமா கடைசியாக, “வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா” என்று முனகிக்கொண்டே உட்கார்ந்து, இரண்டு அப்பளம் கேட்டார்.

சங்கரசுப்பு மாமா மட்டும் தனக்கு வைத்த தட்டில் கை வைக்காமல் இருந்தார். அவர் முகம் கறுத்திருந்தது.

“நீங்க எல்லாம் சிரிச்சுட்டுப் போயிருவீக அண்ணாச்சி” என்றார் பாண்டிராஜ் மாமாவிடம். “இவ பாஸாயிருவா. அது எனக்குத் தெரியும். பெங்களூரு, டெல்லின்னு போவா. அப்புறம் வரமாட்டா. மூத்தவன் போனான். வந்தானா?”

சங்கரேஸ்வரி அவர் எதிரே போய் நின்றாள். இப்போது அவள் குரலில் வாதம் இல்லை.

“போறேன்னுதானப்பா சொன்னேன். வரமாட்டேன்னு நான் எப்பப்பா சொன்னேன்?”

அவர் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

“அண்ணன் வரல. அது அண்ணன். அவனை வச்சு என்னைப்பத்தி எப்படிப்பா முடிவு பண்ணுதீக? நான் வாரேனா இல்லையான்னு பாக்கணும்னா, என்னைப் போகவிட்டாத்தான பாக்க முடியும்?”

யாரும் சாப்பிடவில்லை. மாமாகூட அப்பளத்தை நொறுக்காமல் கையில் பிடித்திருந்தார். சங்கரசுப்பு மாமா மகளை ரொம்ப நேரம் பார்த்தார். இந்த ஒரு பதிலில்தான் எல்லாம் இருந்தது. அதை வைத்து எதையும் ஊகிக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

“பரீட்சை எத்தன மணிக்கு?” என்றார்.

“பத்து மணிக்குப்பா” என்றாள் சங்கரேஸ்வரி. “ஒம்பதுக்கெல்லாம் உள்ள இருக்கணும்.”

“அப்ப விடியக்காலம் பஸ்ஸைப் பிடிக்கணும்.” என் பக்கம் திரும்பினார். “நீயும் எழுதுதியாம்மா? அப்படின்னா முந்தின நாளே இங்கன வந்துரு. நாம மூணு பேருமா போயிட்டு வந்துருவோம்.”

நாம மூணு பேரும் என்றார். சாதாரணமாகச் சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தார். எனக்குத்தான் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அம்மாவைப் பார்த்தேன். அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அண்ணன் குனிந்து ரசம் ஊற்றிக்கொண்டிருந்தான், காது மட்டும் சிவந்திருந்தது. அதிலிருந்து என்ன தெரிகிறது என்று யாராவது கேட்டிருந்தால் ஒன்றும் தெரியவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

சங்கரேஸ்வரி அப்பாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கேட்காமலே அவர் தட்டுக்குள் கைவிட்டு ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள். அவர் தட்டை அவள் பக்கமாகத் தள்ளி வைத்தார். காலையிலிருந்து அவள் வயிற்றுக்குள் போன முதல் சோறு அதுதான். அவளுடைய தட்டைத்தான் நான் காலி செய்திருந்தேனே.